கோவளம், மாமல்லபுரம் கடற்கரை விடுதியில் குடும்பத்தோடு இரண்டு நாள்: சாப்பாடும் பிறவும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில், கோவளத்திலிருந்து மாமல்லபுரம் தாண்டும் வரை கடலோர விடுதிகள் வரிசையாக இருக்கின்றன. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், சில சமயம் தங்கையின் குடும்பம் என்று கூட்டமாக நாங்கள் அங்கே பல முறை தங்கியிருக்கிறோம். அதனால் முதல் முறை போகும் உறவினர்கள் என்னைத்தான் கேட்பார்கள். கேள்விகளில் பாதிக்கு மேல் சாப்பாட்டைப் பற்றியே இருக்கும். அது நியாயமான கவலை. கடலுக்கு ஒரு நேரம், விடுதிச் சமையலறைக்கு ஒரு நேரம், இரண்டும் ஒத்துப்போவதில்லை. அந்த இடைவெளியை நாம்தான் முன்கூட்டியே அடைக்க வேண்டும்.

அறையைப் பதிவு செய்யும் முன்பே சாப்பாட்டு நேரத்தைக் கேட்கச் சொல்கிறீர்களே, ஏன்?

இது கிழக்குக் கரை. சூரியன் கடலிலிருந்து எழும். மாலையில் நமக்குப் பின்னால் நிலத்தில்தான் மறையும். கோடையில் காலை ஆறு மணிக்குள் விடிந்துவிடும், மார்கழி, தை மாதங்களில் ஆறரை ஆகும். மணலில் கால் வைக்க நல்ல நேரம் விடியலிலிருந்து எட்டு மணி வரை, பிறகு நாலரைக்கு மேல். இடைப்பட்ட நேரம் சுடும். ஆனால் பெரும்பாலான விடுதிகளில் காலை உணவு ஏழரைக்கோ எட்டுக்கோதான் தொடங்குகிறது. இரவு உணவும் அப்படியே. விடியலில் ஓடி விளையாடிய பிள்ளை ஆறே முக்காலுக்கே பசி என்று அழும்.

பெரியவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அப்பாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. முதல் முறை தங்கிய விடுதியில் இரவு உணவு ஏழரை மணி என்று அறையிலிருந்த அட்டையில் போட்டிருந்தார்கள். அப்பா அதை நம்பி ஏழே காலுக்கு மாத்திரை போட்டுக்கொண்டு உணவகத்துக்கு வந்தார். பாத்திரங்கள் எல்லாம் மூடியே இருந்தன. அடியில் சின்ன அடுப்புகளை அப்போதுதான் பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள். எட்டு மணி ஆயிற்று. அப்பாவின் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது, தண்ணீர் டம்ளரைப் பிடித்த கை நடுங்கியது. அம்மா எதுவும் பேசாமல் எழுந்து, காபி மேசையிலிருந்த சர்க்கரைப் பொட்டலங்கள் நான்கை எடுத்துக் கிழித்து அவர் வாயில் கொட்டினார். கால் மணி நேரத்தில் தெளிந்துவிட்டார். அன்றிலிருந்து, சாப்பாடு தட்டில் விழுந்த பிறகுதான் மாத்திரை உறையைப் பிரிப்பது என்று மருத்துவரைக் கேட்டு மாற்றிக்கொண்டோம். நீங்களும் உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். விடுதிக்குத் தொலைபேசியில் கேட்கும்போது, "எத்தனை மணிக்குத் தொடங்கும்?" என்று கேட்காமல், "முதல் ஆள் எத்தனை மணிக்குச் சாப்பிட முடியும்?" என்று கேளுங்கள். பதில் வேறாக வரும்.

இ.பி., சி.பி., எம்.ஏ.பி., ஏ.பி. என்று போட்டிருக்கிறார்களே, எதை எடுப்பது?

இ.பி. என்றால் அறை மட்டும். சி.பி.யில் காலை உணவு சேரும். எம்.ஏ.பி.யில் காலையோடு இன்னொரு வேளை, பெரும்பாலும் இரவு. ஏ.பி. என்றால் மூன்று வேளையும்.

மாமல்லபுரம் ஊருக்குள் அல்லது ஊருக்குப் பக்கத்தில் தங்கினால் சி.பி. போதும், கடற்கரைக் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் இட்லி முதல் வறுத்த மீன் வரை கிடைக்கிறது. இரண்டு ஊர்களுக்கு நடுவே, வாசலைத் தாண்டினால் நெடுஞ்சாலை மட்டுமே இருக்கும் விடுதி என்றால் எம்.ஏ.பி. எடுத்துவிடுங்கள். இரவு எட்டு மணிக்குத் தூங்கி வழியும் குழந்தையையும் முழங்கால் வலிக்கும் பாட்டியையும் காரில் ஏற்றிக்கொண்டு கடை தேடுவது வேண்டாத வேலை. ஏ.பி.யை நான் யாருக்கும் சொல்வதில்லை. காலையில் பஃபே சாப்பிட்ட வயிறு மதியம் இன்னொரு பஃபேயைக் கேட்காது.

பிள்ளைகளுக்கு எந்த வயது வரை சாப்பாடு இலவசம், எந்த வயதுக்குப் பாதிக் கட்டணம் என்பது விடுதிக்கு விடுதி மாறும். அதை மின்னஞ்சலில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள்.

பில்லில் வரி இவ்வளவு வருகிறதே?

2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் அறை வாடகை 7,500 ரூபாய் வரை என்றால் ஜி.எஸ்.டி. 5 விழுக்காடு, அதைத் தாண்டினால் 18. கணக்குப் போட்டுப் பாருங்கள். 7,400 ரூபாய் அறைக்கு வரியோடு 7,770. 8,000 ரூபாய் அறைக்கு வரியோடு 9,440. வாடகையில் அறுநூறு ரூபாய் வித்தியாசம், கையிலிருந்து போவதில் 1,670 வித்தியாசம். இரண்டு அறை, இரண்டு இரவு என்றால் அது ஒரு வேளைச் சாப்பாட்டுக்கே ஆகும். இன்னொன்றும் உண்டு. 7,500-க்கு மேல் அறை வாடகை வாங்கும் விடுதிகளுக்குள் இருக்கும் உணவகத்தில் சாப்பாட்டுக்கும் 18 விழுக்காடு வரும். சாதாரண உணவகத்தில் 5 தான்.

சேவைக் கட்டணம் வேறு, வரி வேறு. சேவைக் கட்டணத்தைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அது செல்லும் என்றது. பணிவாகச் சொன்னால் பெரும்பாலும் எடுத்துவிடுகிறார்கள். இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. எடுக்கச் சொன்ன பிறகு, நமக்குப் பரிமாறிய பையனின் கையில் ஏதாவது கொடுத்துவிட்டு வாருங்கள்.

பஃபேயில் எதைச் சாப்பிடலாம், எதைத் தவிர்க்கலாம்?

கண்ணெதிரே செய்து தருவது எதுவும் நல்லது. தோசைக்கல், ஆம்லெட் அடுப்பு, இரவில் மீன் வறுக்கும் தட்டு இவற்றின் முன் வரிசையில் நிற்பது வீண் இல்லை. பொங்கல், இட்லி, சாம்பார் போன்றவை ஆவி பறந்தால் எடுங்கள். மூடியைத் திறந்ததும் முகத்தில் சூடு அடிக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருக்கும் பாத்திரம்தான் ஆபத்தானது.

தேங்காய்ச் சட்னியை முதல் அரை மணி நேரத்துக்குள் மட்டும். கடலோரப் புழுக்கத்தில் அது சீக்கிரம் புளிக்கத் தொடங்கிவிடும். பிள்ளைகளுக்கு விரலால் தொட்டு ருசி பார்த்துவிட்டுக் கொடுங்கள். நறுக்கி வைத்த பழத்தைவிட முழு வாழைப்பழம் நல்லது. மயோனைஸ் கலந்த சாலட்டை நாங்கள் தொடுவதில்லை. பச்சை முட்டையில் செய்த மயோனைஸைத் தமிழக அரசே 2025 ஏப்ரலில் ஓராண்டுக்குத் தடை செய்தது.

பிள்ளைகள் தட்டு நிறைய எடுத்து வந்து பாதியை விடுவார்கள். முதல் சுற்றில் எதையும் எடுக்காமல் எல்லா மேசையையும் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். என் மகள் இப்போது அதை ஒரு சடங்கு போலச் செய்கிறாள்.

என்ன மீன் சாப்பிடலாம்? அன்று பிடித்ததுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. முதலில் நாள்காட்டியைப் பாருங்கள். தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நம் கோடை விடுமுறையும் அதே நாட்களில்தான் வருகிறது. அப்போது வஞ்சிரம் விலை ஏறும், அல்லது பனிக்கட்டியில் வெகுதூரம் பயணம் செய்து வந்ததாக இருக்கும். ஆனால் கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் ஃபைபர் படகுகள் கரையோரம் போய்த்தான் வருகின்றன. ஆகவே மே மாதத்தில் போனால் உணவகத்தில் வஞ்சிரம் கேட்காதீர்கள். "இன்றைக்குப் படகில் என்ன வந்தது?" என்று கேளுங்கள். சங்கரா, நெத்திலி, கடம்பா, நண்டு என்று ஏதாவது ஒன்று இருக்கும். விலையும் பாதியாக இருக்கும், ருசியும் கூடும்.

முழு மீனை வறுக்கும் முன் காட்டச் சொல்லுங்கள். யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கண் பளிச்சென்று வெளியே துருத்தியிருக்க வேண்டும், உள்வாங்கி மங்கியிருந்தால் பழையது. செவுளைத் தூக்கினால் இரத்தச் சிவப்பு தெரிய வேண்டும். விரலால் அழுத்தினால் குழி விழாமல் சதை மேலே வர வேண்டும். வாடை கடல் வாடையாக இருக்கட்டும். மூக்கைச் சுளிக்க வைத்தால் வேண்டாம். மசாலா தடவித் துண்டு போட்டுத் தட்டில் அடுக்கிவிட்டால் இதில் எதையும் பார்க்க முடியாது. அதனால்தான் முழு மீன் கேட்கச் சொல்கிறேன்.

சிறு பிள்ளைகளுக்கு வஞ்சிரமோ கொடுவாவோ நல்லது. நடுமுள்ளை எடுத்துவிட்டால் பொடி முள் தொல்லை குறைவு. சங்கரா ருசியில் மேல். ஆனால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து முள் பார்த்துத்தான் ஊட்ட வேண்டும். இறால், நண்டை முதல் முறை சாப்பிடும் குழந்தைக்கு வீட்டிலேயே ஒரு தடவை கொடுத்துப் பார்த்துவிடுங்கள். ஒவ்வாமை வந்தால் நள்ளிரவில் ஊருக்கு வெளியே மருத்துவமனை தேட முடியாது.

கைக்குழந்தைக்கும் காரம் ஆகாதவர்களுக்கும் என்ன கிடைக்கும்?

உணவு அட்டையில் இருக்காது, சமையலறையில் இருக்கும். விடுதியில் வேலை செய்பவர்களுக்கு அன்றாடம் தனியாகச் சோறு, ரசம், ஒரு பொரியல் என்று ஆகிறது. பன்னிரண்டு மணிக்கு முன்பே, தலைமைச் சமையற்காரரை நேரில் பார்த்து, "குழந்தைக்குக் குழைய வடித்த சோறும், மிளகு குறைத்த ரசமும் வேண்டும்" என்று சொல்லுங்கள். நான் கேட்டு மறுத்தவர் இதுவரை யாரும் இல்லை. ஒருவர் நெய் உருக்கி ஒரு கிண்ணத்தில் தனியாகவே அனுப்பியிருந்தார். அம்மாவுக்கு அந்த ரசம் அவ்வளவு பிடித்துப்போய், இரண்டாம் நாள் பஃபே பக்கமே வரவில்லை.

சைவர்களுக்குச் சிரமமா?

இல்லை. தனிக் கரண்டி, தனி எண்ணெய் வேண்டும் என்பவர்கள் மட்டும் தோசைக்கல்லில் ஆம்லெட்டும் போடுகிறார்களா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சில இடங்களில் போடுகிறார்கள்.

வீட்டுச் சாப்பாடு கொண்டுபோகலாமா?

உணவகத்துக்குள் அனுமதிப்பதில்லை. அறையில் சாப்பிட்டால் பெரும்பாலும் ஒன்றும் சொல்வதில்லை. முதல் நாள் மதியத்துக்குப் புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போவது எங்கள் வழக்கம். அறை இரண்டு மணிக்குத்தான் கிடைக்கும்; பிள்ளைகள் பன்னிரண்டரைக்கே பசியில் இருப்பார்கள். விடியற்காலைப் பசிக்கு வாழைப்பழம், முறுக்கு, ரஸ்க். அறையில் இருக்கும் மின்கெண்டியில் தண்ணீர் மட்டும் கொதிக்க வையுங்கள். பால் காய்ச்சினால் அடிப்பிடித்து, அடுத்து வருபவர்கள் முகம் சுளிப்பார்கள்.

குடிநீருக்கு வழியிலேயே பெரிய கேன் வாங்கிக் காரில் வைத்துவிடுங்கள். அச்சிட்ட விலைக்கு மேல் பாட்டில் தண்ணீரை விற்க உணவு விடுதிகளுக்குத் தடையில்லை என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பாட்டிலுக்கு இவ்வளவா என்று அங்கே போய்ச் சண்டை போட முடியாது.

கடலில் குளிக்கலாமா?

காலை நனைக்கலாம், கரையில் உட்கார்ந்து அலை வாங்கலாம். நீந்தப் போகாதீர்கள். இதை நான் தயங்காமல் சொல்வேன், எத்தனை முறை கேட்டாலும் சொல்வேன்.

இந்தக் கரையில் அலை உடைந்து திரும்பும்போது தண்ணீர் ஒரு குறுகிய தடத்தில் வேகமாக உள்ளே இழுத்துக்கொண்டு போகும். அந்த இடம் பார்வைக்கு அமைதியாகத்தான் தெரியும். இரண்டு பக்கமும் நுரை பொங்க, நடுவே மட்டும் அலை உடையாமல், நிறம் கொஞ்சம் அடர்ந்து தெரிந்தால் அதுதான் இழுவை. "அங்கே அலை இல்லை, அங்கே போகலாம்" என்று பிள்ளைகள் சொல்லும் இடம் பெரும்பாலும் அதுவாகவே இருக்கும். கல் கொட்டிய தடுப்புகளின் ஓரத்திலும் இழுவை உண்டு. யாராவது மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது. மிதந்தபடி, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து தடத்தை விட்டு வெளியே வந்த பிறகே கரைக்குத் திரும்ப வேண்டும். கரையில் நிற்பவர் பின்னாலேயே குதிக்காமல், காற்றடைத்த வளையமோ காலித் தண்ணீர்க் கேனோ எறிந்துவிட்டு ஆள் கூப்பிட வேண்டும். கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் உதவி எண் 1093, ஆம்புலன்ஸ் 108. இரண்டையும் கைப்பேசியில் இப்போதே பதிந்து வையுங்கள்.

எந்த இடம் பாதுகாப்பு என்று விடுதிக் காவலரைவிட அங்கே வலை பிரித்துக்கொண்டிருக்கும் மீனவரைக் கேளுங்கள். நேற்றைக்கும் இன்றைக்கும் மணல் மேடு எங்கே மாறியது என்று அவருக்குத் தெரியும். தூய்மைக்கும் பாதுகாப்புக்கும் தரப்படும் பன்னாட்டு நீலக்கொடிச் சான்றை 2021-இல் பெற்ற கடற்கரைப் பகுதி கோவளத்தில் இருக்கிறது. உடை மாற்றும் அறை, குளியலறை, உயிர்காப்பாளர் எல்லாம் உண்டு. சிறு பிள்ளைகளோடு அலையில் நிற்க வேண்டுமென்றால் அங்கே போவது மேல்.

சொறிமீன் பட்டுவிட்டால்?

தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள். கடல் தண்ணீராலேயே அலசி, ஒட்டியிருக்கும் இழைகளை அட்டையாலோ குச்சியாலோ எடுத்துவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சுத் திணறினால் உடனே 108.

நீச்சல் குளத்துக்கு என்ன தேவை?

நைலான் உடை. பருத்திச் சட்டையோடு விட மாட்டார்கள். பல விடுதிகளில் இருட்டியதும் குளத்தை மூடிவிடுகிறார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். வெயில் உச்சியில் இருக்கும் நேரத்துக்குக் குளம் சரியாக இருக்கும் என்று நினைப்போம். மதியம் மூன்று மணிக்குக் குளத்தைச் சுற்றிய தரை பாதத்தைப் பொசுக்கிவிடும். எந்தக் குளமாக இருந்தாலும் குழந்தை நீரில் இருக்கும்வரை ஒரு பெரியவர் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். யார் என்பதை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள் என்றால் யாரும் பார்க்கவில்லை என்று பொருள்.

எந்த மாதம் நல்லது?

ஜனவரி, பிப்ரவரி. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், வெயிலும் இதமாக இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடகை இறங்கும். ஆனால் ஒரு காற்றழுத்தத் தாழ்வு வந்தால் இரண்டு நாளும் சன்னல் வழியேதான் கடலைப் பார்ப்பீர்கள். பணம் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள். முடிந்தால் பௌர்ணமி நாளைத் தேர்ந்தெடுங்கள். பொழுது சாயும் வேளையில் கடலிலிருந்து நிலா பெரிதாக, செம்மஞ்சளாக எழும். எங்கள் வீட்டில் அதற்காகவே இரவுச் சாப்பாட்டைத் தள்ளிப் போடுவோம்.

ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் இந்த மணலில் முட்டையிட வரும். இரவில் கரையில் டார்ச் அடித்து விளையாட விடாதீர்கள். முட்டையிலிருந்து வரும் குஞ்சுகள் வெளிச்சத்தைக் கடல் என்று நம்பி, விடுதிப் பக்கம் ஊர்ந்து போய்விடும்.

பக்கத்தில் எதைப் பார்க்கலாம்?

கடற்கரைக் கோயிலுக்குக் காலை ஆறு மணிக்கே போய்விடுங்கள். கருங்கல் குளிர்ந்திருக்கும், கூட்டம் இருக்காது. பதினைந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு டிக்கெட் தேவையில்லை. திரும்பி வந்தால் காலை உணவு தயாராக இருக்கும். அர்ச்சுனன் தபசுப் பாறையைப் பிள்ளைகளோடு நின்று நிதானமாகப் பாருங்கள். அதில் தவம் செய்யும் பூனை ஒன்றும், அதன் காலடியில் எலிகளும் உண்டு. அதைக் கண்டுபிடிக்கச் சொன்னால் அரை மணி நேரம் யாரும் பசி என்று சொல்ல மாட்டார்கள். வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குத் திங்கள் விடுமுறை, பழைய தென்னிந்திய வீடுகளைக் காட்டும் முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை. வார நாளில் போகிறவர்கள் இதை மறந்து ஏமாறுகிறார்கள்.

என்னவெல்லாம் எடுத்துக்கொண்டு போவது?

வழக்கமான துணிமணியை விடுங்கள். மறந்துபோகிறவை இவை: முகப் பவுடர் ஒரு டப்பா (ஈர மணல் ஒட்டிய காலில் தூவித் தட்டினால் மணல் உதிர்ந்துவிடும்), பழைய பெட்ஷீட் ஒன்று, ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நான்கு, பெரியவர்களின் மாத்திரைச் சீட்டின் நகல், ஈரத்துணிக்கு இரண்டு மஞ்சப்பை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிக்கு 2019 ஜனவரி முதல் தமிழகத்தில் தடை இருக்கிறது. கரையில் இன்னும் கிடக்கத்தான் செய்கிறது. நம்முடையதாக ஒன்றும் அங்கே கிடக்க வேண்டாம்.

கடைசி நாளை எப்படித் திட்டமிடுவது?

பதினோரு மணிக்கு அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். முந்தின இரவே பில்லை வாங்கி வரி வரியாகப் பார்த்துவிடுங்கள். காலையில் வரவேற்பு மேசை முன் பத்துக் குடும்பம் நிற்கும். விடியலில் கடைசியாக ஒருமுறை கடல், பிறகு குளியல், பிறகு தாமதமாகக் காலை உணவு. ஒன்பதரைக்குச் சாப்பிட்டால் மதியம் இரண்டு வரை தாங்கும். காலி செய்த பிறகும் குளத்தில் ஆட வேண்டும் என்று பிள்ளைகள் அடம் பிடித்தால், குளத்துப் பக்கக் குளியலறையைப் பயன்படுத்தலாமா என்று கேளுங்கள். பல விடுதிகளில் ஒரு மணி நேரம் விடுகிறார்கள். ஞாயிறு மாலை சென்னைப் பக்கம் திரும்பும் கார்கள் உத்தண்டிச் சுங்கச்சாவடியில் நீளமாக நிற்கும். பகல் ஒன்றரைக்குள் கிளம்பிவிட்டால் மூன்று மணிக்கு வீட்டில் சோறு வடிக்கலாம். அதற்கு முடியாதவர்கள், காலையிலேயே சமையலறையில் சொல்லித் தயிர்சாதம் இரண்டு பொட்டலம் கட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.